தராசு சொல்லாத கணக்கு: கல்லீரல் தொற்று, உடல் எடை, கஞ்சா

பட்டு நெசவு நடக்கும் ஊரில் எடையின் அருமையை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நெசவாளர் பட்டையும் ஜரிகையையும் நிறுத்து வாங்குகிறார். நெய்து முடித்த சேலையை நிறுத்தே ஒப்படைக்கிறார். ஆயினும் ஒரு சேலையின் எடை மட்டும் அதன் தரத்தைச் சொல்லிவிடாது என்பது பிள்ளையார்பாளையத்துச் சிறுவருக்கும் தெரியும். அந்த எடையில் பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, பாவுக்கு ஏற்றிய கஞ்சி எவ்வளவு என்று பிரித்தறிந்தால்தான் மதிப்பு விளங்கும்.

மனித உடலின் எடையும் அத்தகையதே. அதில் தசை உண்டு, கொழுப்பு உண்டு, நீர் உண்டு. நாட்பட்ட கல்லீரல் தொற்று உள்ளவருக்கு இம்மூன்றையும் பிரித்தறிவது சில வேளைகளில் உயிர் காக்கும் செயலாகிறது.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். இது குறிப்பிட்ட எவருடைய கதையும் அன்று. எந்தக் குடும்பத்திலும் நிகழக்கூடியது. தந்தை, மகன் இருவருக்கும் ஹெபடைடிஸ் பி தொற்று பல ஆண்டுகளாக இருக்கிறது. தந்தையின் எடை இரண்டு வாரத்தில் நான்கு கிலோ கூடியது. “அப்பாவுக்கு உடம்பு தேறுகிறது” என்று வீட்டார் மகிழ்ந்தனர். மகனுக்குப் பருமன் மிகுதி. ஸ்கேன் பரிசோதனையில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்திருந்தது. கஞ்சா புகைத்தால் உடல் இளைக்கும், வெளிநாட்டு ஆய்வே அப்படிச் சொல்கிறது என்று நண்பர் ஒருவர் கைப்பேசியில் காட்டினார். மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. அதற்கும் வீட்டார் மகிழ்ந்தனர். இரண்டு மகிழ்ச்சிகளும் தவறான இடத்தில் பிறந்தவை. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடை ஏன் முக்கியம்?

உலக நல நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றுடனும், 55 இலட்சம் பேர் ஹெபடைடிஸ் சி தொற்றுடனும் வாழ்ந்தனர். இவர்களில் பலருக்குத் தம்மிடம் தொற்று இருப்பதே தெரியாது. இந்த வைரசுகள் கல்லீரலில் மெல்லிய, ஓயாத அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சி ஆறும் இடத்தில் தழும்பு போல நார்த்திசு படிகிறது. அது பல ஆண்டுகள் பெருகினால் கல்லீரல் இறுகிச் சுருங்குகிறது. இதனையே சிரோசிஸ் என்கிறோம்.

இதனோடு கொழுப்பும் சேர்ந்தால் சுமை இரட்டிப்பாகிறது. சென்னை நகர மக்களிடையே நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், மது காரணமில்லாத கொழுப்புக் கல்லீரல் 32 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. ஆசிய உடலமைப்பில் குறைந்த எடையிலேயே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்கிறது. ஆகவே உடல் நிறைக் குறியீடு 23-ஐ எட்டினாலே மிகை எடை என்றும், 25-ஐ எட்டினால் பருமன் என்றும் நாம் கொள்கிறோம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. தறியில் கையும் காலும் ஓயாமல் இயங்கினாலும் அது நாளெல்லாம் அமர்ந்து செய்யும் உழைப்பு. அதை நடைப்பயிற்சிக்கு ஈடாக எண்ணிவிடக் கூடாது.

ஆகவே பருமனாக உள்ள கல்லீரல் நோயாளி எடையைக் குறைக்க விரும்புவது நியாயமே. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கல்லீரலின் கொழுப்பு குறையத் தொடங்குகிறது. 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் கொழுப்பினால் வந்த அழற்சியும் தணிகிறது. எந்த வழியில் குறைப்பது என்பதில்தான் சிக்கல்.

பசியைத் தூண்டுவது இளைக்கச் செய்யுமா?

கஞ்சா பசியைக் கிளறும் என்பது பழைய அனுபவ அறிவு. மேலை மருத்துவமும் இதனைப் பயன்படுத்தியிருக்கிறது. கஞ்சாவில் மயக்கம் தரும் முதன்மைப் பொருளான டி.எச்.சி. 1964-இல் இஸ்ரேலில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் செயற்கை வடிவமான டிரோனாபினால் என்னும் மருந்து, எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்காக 1992-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டில், நம் உடலே சுரக்கும் கஞ்சா போன்ற ஒரு பொருள் கண்டறியப்பட்டது. அதற்கு ‘ஆனந்தம்’ என்ற நம் நாட்டுச் சொல்லைக் கொண்டே ‘அனந்தமைடு’ என்று பெயரிட்டனர். மூளை, குடல், கல்லீரல், கொழுப்புத் திசு ஆகியவற்றில் உள்ள சி.பி.1 என்னும் ஏற்பிகளில் இப்பொருள்கள் பொருந்தும்போது பசி எழுகிறது, கொழுப்பைச் சேமிக்கும் வேலை விரைகிறது.

அப்படியானால் கஞ்சா பயன்படுத்துவோர் பருமனாக அல்லவா இருக்க வேண்டும்? அமெரிக்காவின் இரண்டு தேசியக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை இதற்கு நேர்மாறாகச் சொன்னது. வாரத்தில் மூன்று நாளேனும் கஞ்சா பயன்படுத்துவோரில் பருமன் உடையவர்கள் 14 முதல் 17 விழுக்காடு. பயன்படுத்தாதோரில் 22 முதல் 25 விழுக்காடு. பிரான்சு நாட்டில் நாட்பட்ட ஹெபடைடிஸ் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவரும் ‘ஹெபாத்தர்’ என்னும் பெரிய ஆய்விலிருந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஹெபடைடிஸ் சி உள்ள ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரில், கஞ்சா பயன்படுத்துவோரிடமும் முன்பு பயன்படுத்தியவர்களிடமும் மிகை எடையும் பெரிய இடுப்புச் சுற்றளவும் குறைவாகவே இருந்தன. ஹெபடைடிஸ் பி நோயாளிகளிடமும் பின்னர் இதனை ஒத்த முடிவே கிடைத்தது. நண்பர் கைப்பேசியில் காட்டிய செய்தி முற்றிலும் கட்டுக்கதை அன்று.

இந்த முரணுக்கு ஆய்வாளர் கூறும் விளக்கம் ஒன்று உண்டு. நாள்தோறும் கஞ்சா உடலில் நுழைந்தால் சி.பி.1 ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன. பயன்பாட்டை நிறுத்தி ஏறத்தாழ நான்கு வாரம் ஆனால் மூளையில் அவை மீள்வதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏற்பிகள் குறைந்தால் கொழுப்பைச் சேமிக்கும் கட்டளையும் தளர்கிறது என்பது அவர்கள் கருத்து.

ஆய்வு சொல்வதும் சொல்லாததும்

இனித்தான் நிதானம் தேவை. இந்த எடைக் கணக்குகள் பெரும்பாலும் ஒரு காலத்தில் எடுத்த நிழற்படம் போன்றவை. இருவர் அருகருகே நிற்கின்றனர், ஒருவர் மெலிந்திருக்கிறார் என்பதை நிழற்படம் காட்டும். அவர் ஏன் மெலிந்தார் என்பதைக் காட்டாது. கஞ்சா புகைப்போரில் பலர் அதனைப் புகையிலையோடு கலந்தே புகைக்கின்றனர். புகையிலையும் எடையைக் குறைக்கும். வயது, வருமானம், மதுப்பழக்கம், உணவு ஆகியவை மாறினாலும் எடை மாறும். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் கொண்டு கழிக்க முயல்கின்றனர் என்றாலும் முழுமையாகக் கழித்துவிட முடிவதில்லை. கஞ்சாவைக் கொடுத்து நோயாளியை இளைக்கச் செய்து, அதனால் அவர் கல்லீரல் நலமடைந்தது என்று இந்த ஆய்வுகள் எங்கும் கூறவில்லை.

முதல் ஆய்வை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு நம் தமிழகத்திலேயே சான்று உண்டு. காமாலைக்குக் கீழாநெல்லி தருவது நம் வீட்டு வழக்கம். சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அம்மூலிகையை ஹெபடைடிஸ் பி தொற்றுடையோருக்கு முப்பது நாள் கொடுத்துப் பார்த்தனர். அந்த முடிவு 1988-இல் புகழ்பெற்ற ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேலுறைப் பொருள் மறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அது மறைந்தது. ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்கும் அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர். உலகமே வியந்தது. ஆனால் பிற நாடுகளில் மீண்டும் செய்து பார்த்தபோது அதே பயன் கிட்டவில்லை. ஆய்வு செய்தவர்களின் நேர்மையில் குறையில்லை. ஒரு முடிவு பலமுறை சோதிக்கப்பட்ட பின்னரே மருந்தாகிறது என்பதே பாடம். இன்றும் கீழாநெல்லியை நம்பி வைரசு மருந்தைத் தாமே நிறுத்திவிடுவோர் உண்டு. அவ்வாறு நிறுத்தினால் ஹெபடைடிஸ் பி திடீரெனச் சீறி எழுந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

இன்னொரு பாடமும் உண்டு. சி.பி.1 ஏற்பியை மருந்தால் அடைத்தால் எடை குறையுமே என்று ரிமோனபண்ட் என்னும் மாத்திரையை உருவாக்கினர். 2006-இல் ஐரோப்பாவில் அது ஒப்புதல் பெற்றது. எடையும் குறைந்தது. ஆனால் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தோன்றவே, 2008-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. எடை குறைந்ததும் உண்மை. மருந்து ஆபத்தானதும் உண்மை.

கல்லீரலுக்கு என்ன நேர்கிறது?

இதிலும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஹெபடைடிஸ் சி உள்ள 270 பேரை ஆராய்ந்து 2005-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வுக் கட்டுரை, நாள்தோறும் கஞ்சா புகைப்போருக்குக் கல்லீரலில் நார்த்திசு விரைந்து படிகிறது என்றது. அதே குழுவினர் 2008-இல், அவர்களின் கல்லீரலில் கொழுப்பும் மிகுதி என்றனர். கனடாவில் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் ஒருங்கே உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்த 2013-ஆம் ஆண்டு ஆய்வோ, கஞ்சா நார்த்திசுவை விரைவுபடுத்தியதற்குச் சான்றில்லை என்றது. இவ்விரு தொற்றும் உள்ள பிரெஞ்சு நோயாளிகளிடம் நாள்தோறும் கஞ்சா பயன்படுத்துவோருக்குக் கல்லீரல் கொழுப்பு குறைவு என்று 2018-இல் மற்றொரு குழு எழுதியது.

இந்த வேறுபாட்டிலிருந்து நோயாளி எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. வெளியே உடல் மெலிவதும் உள்ளே கல்லீரல் நலமாவதும் ஒரே செய்தி அல்ல. உடலைப் பார்த்துக் கல்லீரலை அளக்க முடியாது. ஹெபடைடிஸ் சி வைரசில் இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் மூன்றாம் மரபுவகை, மெலிந்தவருக்கும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கவல்லது.

ஐயத்துக்கு இடமில்லாத தீமைகளும் சில உண்டு. டி.எச்.சி.யைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலே. சிரோசிஸ் முற்றியவரிடம் அதன் மயக்கம் நீண்டு நிற்கக்கூடும். அத்தகையவருக்கு நச்சுப்பொருள் மூளையைத் தாக்கி வரும் குழப்பமும், பகலில் தூக்கமும், கை நடுக்கமும் உடனே மருத்துவம் வேண்டும் ஆபத்துகள். கஞ்சாவின் மயக்கம் அவற்றை மறைத்துவிடும். வீட்டார் “போதை தெளிந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருப்பர். நெடுங்காலம் பயன்படுத்துவோரில் சிலருக்கு அடக்க முடியாத வாந்தி அலை அலையாக வரும். வெந்நீரில் குளித்தால் மட்டும் சற்றுத் தணியும். எடை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த இளைப்பை நலம் என்று எவரும் சொல்லமாட்டார்.

எடை கூடுவதும் குறைவதும் ஏமாற்றும் இடங்கள்

இப்போது தந்தையிடம் வருவோம். சிரோசிஸ் முற்றும்போது வயிற்றறையில் நீர் கோத்துக்கொள்கிறது. நம் முன்னோர் இதனை மகோதரம் என்றனர். தராசில் எடை ஏறும். முகமும் தோளும் மெலியும். வேட்டியின் கட்டு இறுகும். மாலையில் கால் வீங்கும். கூடிய நான்கு கிலோவும் நீர். அந்த நீருக்கு அடியில் தசை கரைந்துகொண்டிருக்கலாம்.

தசை கரைவதே சிரோசிஸ் நோயாளியின் பெரும் இழப்பு. நலமான கல்லீரல் இரவுப் பட்டினிக்காகச் சர்க்கரையைச் சேமித்து வைக்கும். இறுகிய கல்லீரலுக்கு அவ்வாற்றல் குறைவு. ஆகவே சில மணி நேரப் பட்டினியிலேயே உடல் தன் தசையை எரிக்கத் தொடங்குகிறது. தசை குறைந்தவர் எளிதில் விழுவர், தொற்றுக்கு ஆளாவர், அறுவை சிகிச்சையைத் தாங்கமாட்டார். முயலாமலே எடை குறைவது கல்லீரல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கஞ்சாவால் இளைத்தேன் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் இந்த அறிகுறியைத் தவறவிடுவார் என்பதே எங்கள் பெரிய அச்சம்.

மறைக்காமல் சொல்லுங்கள்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். அந்த அச்சத்தால் பலர் மருத்துவரிடம் மறைக்கின்றனர். நோயாளி கூறுவதை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் தொழில்நெறி. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையானவர் தாமே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பளித்த மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது.

நாட்பட்ட பழக்கத்தை நிறுத்தும்போது முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். குடும்பத்தார் அந்நாட்களில் பழித்துப் பேசாமல் வேளைக்கு உணவு கொடுத்து உடனிருப்பதே பேருதவி. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான ‘டெலி மானஸ்’ எண் 14416. இரண்டும் கட்டணமற்றவை.

வீட்டில் செய்யக்கூடியவை

1. காலையில் சிறுநீர் கழித்தபின், உண்ணும் முன், ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை தொப்புள் அளவில் வயிற்றுச் சுற்றளவையும் நாடாவால் அளந்து எழுதுங்கள். மருத்துவரிடம் வரும்போது அந்தக் குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள்.

2. சிரோசிஸ் இல்லாத, பருமனான நோயாளி வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை மெல்லக் குறைக்கலாம். நாள்தோறும் அரை மணி நடை, அரிசியின் அளவைக் குறைத்தல், இனிப்புப் பானங்களையும் மதுவையும் அறவே விடுதல் ஆகியவை போதும்.

3. சிரோசிஸ் உள்ளவர் தாமே எடை குறைக்க முயலக் கூடாது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை; 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். பருப்பு, சுண்டல், பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றால் இதனை நிரப்பலாம். கல்லீரல் நோயாளிக்குப் புரதம் ஆகாது என்ற பழைய கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது.

4. சிரோசிஸ் உள்ளவர் படுக்குமுன் சிற்றுணவு உண்ண வேண்டும். இரண்டு இட்லி, ஒரு குவளைப் பால் அல்லது கேழ்வரகுக் கஞ்சி போதுமானது. ஏகாதசி, புரட்டாசிச் சனிக்கிழமை போன்ற நாள்களில் முழுப்பட்டினி வேண்டாம். பாலும் பழமும் உண்டு சிறு சிறு வேளையாக நோன்பை அமைத்துக்கொள்ளலாம்.

5. வயிற்றில் நீர் கோத்தவர் நாளொன்றுக்கு உப்பை 5 கிராமுக்குள், அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள், நிறுத்த வேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவற்றை விலக்குங்கள்.

6. ஹெபடைடிஸ் சி தொற்று, பெரும்பாலும் 12 வார மாத்திரையால் 95 விழுக்காட்டினருக்கு மேல் முற்றிலும் குணமாகிறது. ஹெபடைடிஸ் பி தொற்றை நீண்டகால மாத்திரையால் அடக்கி வைக்கலாம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இவ்விரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் உள்ள மற்றவர்கள் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்து, தொற்று இல்லையெனில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஒரே தட்டில் உண்பதால் இது பரவாது. சவரக்கத்தியையும் பல்துலக்கியையும் பகிர வேண்டாம்.

7. சிரோசிஸ் உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டியவை: ஒரே வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடுதல், முயலாமலே எடை குறைந்துகொண்டே போதல், இரத்த வாந்தி, கருநிற மலம், கண்ணில் மஞ்சள், பேச்சில் தடுமாற்றம், பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, வயிற்று வலியோடு காய்ச்சல், நிற்காத வாந்தி.

நாம் எண்ணிப் பார்த்த அந்த வீட்டில், தந்தையின் எடை குறைய வேண்டும்: நீர் வடிய வேண்டும். பின்னர் அது மெல்லக் கூட வேண்டும்: தசை வளர வேண்டும். மகனின் எடையும் குறைய வேண்டும். ஆனால் அது நடையாலும் உணவாலும் குறைய வேண்டும், புகையால் அன்று. இருவரும் நிற்பது ஒரே தராசில்தான். அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணுக்குள் பட்டு எவ்வளவு, கஞ்சி எவ்வளவு என்று சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.